அவர் பக்கத்துப் பிரேக்

எங்கள் முதல் காரில் இரண்டு பிரேக் இருந்தன. ஒன்று ஓட்டுகிறவருக்கு, மற்றது பக்கத்தில் இருப்பவருக்கு. கார் பழக்குகிற யாரோ ஒருவர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற வெள்ளைக் கார் அது. கூரையில் பலகை பூட்டியிருந்த துளைகள் வழியே மழை ஒழுகும். இடது பக்கத்துப் பெடலைக் கழற்றித் தரட்டுமா என்று விற்றவர் கேட்டார். வேண்டாம் என்றார் என் கணவர். "மனிசிக்கு ஓட்டப் பழக்கோணும்" என்று என்னிடம் தமிழில் சொல்லிச் சிரித்தார். காரின் அடியில் ஓர் இரும்புக் கம்பி அந்த இரண்டு பெடலையும் சேர்த்துப் பிடித்திருந்தது. ஒன்றை மிதித்தால் மற்றதும் தாழும். விட்டால் இரண்டும் சேர்ந்து எழும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு மேல் அந்தக் காரில் சூட்சுமம் ஒன்றும் இல்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பிலிருந்து மெல்பேர்னுக்கு வந்து, ஸ்பிரிங்வேலில் ஒரு செங்கல் வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். அவர் ஊரில் இஞ்சினியர். இங்கே ஓர் அலுவலகத்தில் வரைபடம் கீறும் வேலை. எங்களுக்கு ஒரு மகள், பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நாளில் மெல்பேர்னில் ஒரு கடையும் திறந்திருக்காது. கடைத்தெருவில் கார் நிறுத்துகிற பெரிய வெறுந்தரையில்தான் எனக்குக் கார் ஓட்டப் பழக்கினார். மகள் பின் சீட்டில் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பாள்.

பழக்கினார் என்று சொல்வது மரியாதைக்கு. உண்மையில் சண்டை பிடித்தோம். அவருடைய கால் அந்த இரண்டாவது பெடலை விட்டு எழும்பவே எழும்பாது. நான் பிரேக் பிடிக்க நினைப்பதற்கு முன்னமே என் சப்பாத்துக்கு அடியில் பெடல் தானாகத் தாழும். நிலத்தில் நிற்கும்போது யாரோ நிலத்தை உருவுவது போல இருக்கும்.

"உங்கட காலை எடுங்கோ!" என்பேன்.

"நீர் மிதிக்கிற மிதிக்கு ரயர் எரிஞ்சு போகும்."

"மிதிச்சா நிக்கோணும். அதுக்குத்தானே பிரேக் வச்சிருக்கு?"

"இஞ்சாரும், உருளுற சில்லுதான் சொல்லுக் கேக்கும். பூட்டின சில்லு செவிடு. நீர் ஸ்டியரிங்கை என்ன திருப்பினாலும் அது தன்ர பாட்டுக்குத்தான் போகும். விட்டு விட்டு மிதிக்கோணும்."

இது எங்கள் கலியாணத்தின் பெரிய வழக்கு. நான் அமத்திப் பிடிக்கிற ஆள். கோபம் வந்தாலும் அப்படித்தான், வெங்காயம் வெட்டினாலும் அப்படித்தான். அவர் விட்டு விட்டுப் பிடிக்கிற ஆள். முதல் உத்தியோகம் நுவரெலியாப் பக்கம். மழையும் சேறுமான மலைத் தெருவில் பழகியவர். மிதிப்பார், கொஞ்சம் வைத்திருப்பார், விடுவார். மறுபடி மிதிப்பார். அவசரமே இல்லாத மிதி. பின்னேரங்களில் மகளை மடியில் போட்டுத் தட்டி நித்திரையாக்குவதும் அதே தாளத்தில்தான். ஒருநாள் அதைச் சொல்லிப் பகிடி பண்ணினேன். "பிள்ளைக்கும் பிரேக் பிடிக்கிறியள்" என்றேன். "பிடிச்சனான், பாரும், நிண்டிட்டுது" என்று மகளைக் காட்டினார். அவள் வாயைத் திறந்தபடி உறங்கிப்போயிருந்தாள்.

இலையுதிர் காலத்தில் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. கிடைத்த பிறகும் அவர் கால் அங்கேதான் இருந்தது.

அந்த ஓகஸ்டில், இங்கே அது குளிர்காலம், பனி பார்க்கப் போனோம். நம்மவர் எல்லோரும் வந்த முதல் குளிர்காலத்திலேயே ஒருமுறை போய், வெள்ளை மலையில் நின்று படம் பிடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு அது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மெல்பேர்னுக்குக் கிட்டிய பனிமலை டொன்னா புவாங். அடிவாரத்தில் வார்பர்ட்டன் என்று ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊர். ரின்னில் அடைத்த மீனில் கட்லட் பொரித்து, ஒரு பிளாஸ்க் நிறைய இஞ்சி போட்ட தேத்தண்ணி ஊற்றி, இருந்த கம்பளிச் சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டோம். அவர்தான் ஓட்டினார். காலையில் நல்ல வெயில். மலைத் தெரு ஈரமாக இருந்ததே தவிர வழுக்கவில்லை. ரயருக்குப் பூட்டுகிற சங்கிலி வாடகைக்கு இருக்கிறது என்று கீழே ஒரு கடையில் பலகை வைத்திருந்தார்கள். "வெயிலுக்கு ஆரும் சங்கிலி பூட்டுவினமோ?" என்று அவர் நிறுத்தாமல் போனார்.

மேலே போய் அவர் செய்த ஒரு வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும், பிறகு வயிறு எரியும். காரை நிறுத்தினார். எங்கள் மலைநாட்டு வழக்கப்படி கைப்பிரேக்கைக் கடைசிப் பல் வரை இறுக்கி இழுத்தார். அது போதாதென்று பனிக்குள் கையை விட்டுத் தோண்டி, ஒரு கல் எடுத்து வந்து பின் சில்லுக்கு அடை வைத்தார். சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் எங்கள் கார் எங்கே ஓடப் போகிறது என்பது போலப் பார்த்தார்கள். அந்தக் கல்லைத் தூக்கி வரும்போதுதான் முதலில் நெஞ்சைத் தடவினார்.

"என்ன?"

"ஒண்டுமில்லை. வாய்வு."

மகளை ஒரு பிளாஸ்டிக் தாளில் இருத்திச் சரிவில் இழுத்தார். அவள் கத்திச் சிரித்தாள். கட்லட் சாப்பிட்டோம். மத்தியானத்துக்குப் பிறகு வெயில் ஓடிவிட்டது. மேகம் இறங்கி, மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. புதிதாகப் பனி கொட்டத் தொடங்கியது. அவர் காரின் பக்கமாகச் சாய்ந்து நின்றார். முகம் பழைய சாம்பல் மாதிரி இருந்தது. நெற்றியில் வியர்வை. அந்தக் குளிரில் வியர்வை!

"இஞ்சாருங்கோ, என்ன செய்யுது?"

"வாய்வெண்டு சொன்னனானெல்லே. உம்மட கட்லட்தான். உள்ளிப்பூடு கூடிப்போச்சு."

கேட்டீர்களா? அந்த நேரத்திலும் என் கட்லட்டில் பழியைப் போட்டார். நெஞ்சு நொந்தால் வாய்வு, தோள் நொந்தால் வாய்வு, தலை சுற்றினால் பித்தம். இஞ்சித் தேத்தண்ணி குடித்து ஓர் ஏப்பம் விட்டால் தீராத வருத்தம் எங்கள் சாதிசனத்துக்கு இல்லை. அவர் தேத்தண்ணி குடித்தார். ஏப்பம் வரவில்லை.

"நீர் ஓட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது. அந்த மனிதர் தானாக எனக்கு ஸ்டியரிங்கைத் தந்ததே இல்லை.

கல்லை எடுத்தேன். கைப்பிரேக்கை இறக்கினேன். கார் அசையவில்லை. இன்ஜின் உறுமியது, பின் சில்லுகள் கல்லாக நின்றன. பக்கத்துக் காரில் வந்த ஒரு தாடிக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, மலையில் கைப்பிரேக் இழுக்கக் கூடாதம்மா, ஈரத்தில் அது உறைந்து ஒட்டிப் பிடித்துவிடும், கியரில் போட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார். சுடுதண்ணீர் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது பிளாஸ்க்கில் மிஞ்சிய தேத்தண்ணிதான். என் கணவருக்கென்று வைத்திருந்ததை இரண்டு பின் சில்லுகளுக்கும் பங்கிட்டு ஊற்றினேன். இஞ்சி மணத்தோடு ஆவி எழும்பியது. பிரேக் 'டக்' என்று விட்டது.

தாடிக்காரர் என் கணவரைப் பார்த்தார். சுகமில்லையா, நான் ஓட்டி வரட்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து, புன்னகைத்து, மத்தியானம் கொஞ்சம் கூடச் சாப்பிட்டுவிட்டேன், நன்றி என்றார். அந்தப் புன்னகையை நான் மன்னிக்கவில்லை. தெரியாத வெள்ளைக்காரனுக்கு முன்னால் மரியாதையாக இருக்க வேண்டும் என்று சாகிற நேரத்திலும் நினைக்கிற மனிதரை என்ன செய்வது?

அவரை உயிரோடு கீழே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருப்பதை வரும்போது கண்டிருந்தேன். மகளைப் பின் சீட்டில் கம்பளியால் சுற்றிப் படுக்க வைத்தேன். அவர் இடது பக்கம் ஏறி, காலை அந்தப் பெடலில் வைத்தார்.

"காலை எடுங்கோ, நீங்கள் ஆறுதலா இருங்கோ" என்றேன்.

"நீர் ஸ்டியரிங்கைப் பாரும். செக்கண்ட் கியரை விடாதேயும். பிரேக்கை நான் பாக்கிறன்."

மேல்பகுதித் தெருவில் புதுப் பனி சாம்பிராணித் தூள் போலப் பொலபொலவென்று கிடந்தது. ஒரு வளைவைத் திரும்பினால் முன்னால் ஒரு வான் வண்டி குறுக்கே நிற்கிறது. நான் பிரேக்கைத் தேடுவதற்குள் பெடல் தாழ்ந்தது, எழுந்தது, தாழ்ந்தது. அவர் தன் முறைப்படி விட்டு விட்டு மிதிக்கிறார். கார் நிற்கவில்லை. மிதிக்கும்போது கொஞ்சம் பிடிக்கிறது, விடும்போது மறுபடி உருள்கிறது. வான் பெரிதாகிக்கொண்டு வந்தது. "என்ர அம்மாளாச்சி!" என்று கத்திக்கொண்டு, அவர் விட்ட நேரத்தில் நான் முழுப் பலத்தோடும் அமத்தினேன். சில்லுகள் பூட்டிக்கொண்டன. கார் உழுதுகொண்டு போனது. முன் சில்லுகளுக்கு முன்னால் பனி மண்ணணை போலக் குவிந்தது. வானுக்கு ஒரு கை தூரத்தில் நின்றோம்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "சரி. பொல பொலக்கிற ஸ்னோவில உம்மட சட்டம். பூட்டினாப் பனியே அடை குடுக்குது. கீழ ஐஸ் வரும். அங்க என்ர சட்டம். அங்க அமத்தினீரெண்டா மூண்டு பேரும் பள்ளத்துக்க."

"கதையாதேங்கோ. மூச்சைப் பிடிச்சு வச்சிருங்கோ."

வானைத் தள்ளி ஓரமாக்கும் மட்டும் காத்து நின்று, பிறகு இறங்கினோம். அவர் சொன்னபடியே கொஞ்சத் தூரத்தில் பனி முடிந்து, தெரு கறுப்பாகத் தெரிந்தது. கறுப்பைக் கண்டதும் அப்பாடா என்று இருந்தது. "அதுதான் ஐஸ்" என்றார். உயர்ந்த மரங்கள் இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டு நின்றன. மரம் போல உயர்ந்த பன்னச் செடிகளின் அடியில் பகல் முழுக்க வெயில் படாத வளைவுகள். வலது பக்கம் பள்ளம். முதல் வளைவில் நான் மூச்சை விடவில்லை. பெடல் என் சப்பாத்துக்கு அடியில் மெல்லத் தாழ்ந்தது, கொஞ்சம் நின்றது, எழுந்தது. தாழ்ந்தது, நின்றது, எழுந்தது. ஒவ்வொரு முறை அது எழும்போதும் ஸ்டியரிங் என் கைக்குத் திரும்பி வந்தது. சில்லு சொல்லுக் கேட்டது. மனிதர் சொன்னது சரிதான் என்று அன்றைக்குத்தான் என் கைக்குத் தெரிந்தது. வாயால் சொல்லவில்லை.

மரங்களுக்குள் ஓர் ஓடை தெருவுக்குக் கீழால் ஓடுகிற இடம் இருக்கிறது. சிறிய பாலம். அதற்கு மேல் உள்ள வளைவில் கேட்டார்:

"பிள்ளை நித்திரையோ?"

கண்ணாடியில் பார்த்தேன். கம்பளிக்குள்ளிருந்து கொஞ்சம் தலைமயிர் மட்டும் தெரிந்தது. "ஓம்" என்றேன்.

"நல்லது" என்றார்.

அதற்குப் பிறகும் நிறைய வளைவுகள். நான் தெருவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுக்க முடியாது. அவர் பேசவில்லை, நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. மூச்சை மிச்சம் பிடிக்கட்டும் என்று இருந்தேன். அவர் அங்கே இருக்கிறார் என்பதற்கு எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பெடல் தாழ்ந்து, நின்று, எழுந்தது. அவசரமே இல்லாமல். ஓர் இடத்தில் பின்பக்கம் விலகி, கார் பள்ளத்தின் பக்கமாக இழுத்தது. என் கால் அமத்தப் போனது. பெடல் அதற்கு முன்னமே கீழே போய், என் காலை மேலே தூக்கிக்கொண்டு வந்தது. ஓம், தூக்கியது. கார் நேரானது. "சரி சரி, உங்கட சட்டம்தான்" என்று முணுமுணுத்தேன். இப்போது சந்தோஷம்தானே என்றும் கேட்டேன். பதில் வரவில்லை. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

தெரு சமதரைக்கு வந்தது. வீடுகள், புகைபோக்கிப் புகை, விளக்கு வெளிச்சம். ஊருக்குள் முதல் சந்தி. நிற்கச் சொல்லிப் பலகை. அவர் மிதிப்பார் என்று நான் காத்திருந்தேன். பெடல் தாழவில்லை. கார் சந்தியைத் தாண்டிப் போனது. ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. நான் என் காலால் மிதித்து, நிறுத்தி, திரும்பிப் பார்த்தேன்.

கண் திறந்திருந்தது. கால் பெடலில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு வயதான டொக்டர். மிக நல்ல மனிதர். தாடையைத் தொட்டார், கையைத் தூக்கிப் பார்த்தார், கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கடைசியாக எந்த இடத்தில் பேசினார் என்று கேட்டார். பாலத்துக்கு மேல் உள்ள வளைவில் என்றேன். அங்கேதான் போயிருக்கிறார் அம்மா, போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்றார். இல்லை, சமதரை வரும் மட்டும் அவர்தான் பிரேக் பிடித்தார் என்றேன். டொக்டர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதிர்ச்சியில் அப்படித்தான் இருக்கும் என்று தாதியிடம் மெதுவாகச் சொன்னார். என்னை ஒரு கதிரையில் இருத்தி, சீனி கூடப் போட்ட தேத்தண்ணி தந்தார்கள். அதைக் கண்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. மேலே சில்லுக்கு ஊற்றிய தேத்தண்ணியை நினைத்து அழுதேன்.

நான் அவரை உயிரோடு கொண்டுவந்து சேர்க்கவில்லை. அது முடிந்த கணக்கு. ஆனால் அந்த வளைவுகளில் என்னோடு யார் வந்தது? டொக்டர் சொன்னது சரியென்றால் நான் ஒரு உடம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தனியாக இறங்கி வந்திருக்கிறேன், "இப்ப சந்தோஷம்தானே" என்று ஒரு உடம்பைக் கேட்டிருக்கிறேன். இதுதான் என்னைத் தின்றது. சாவை ஒருமாதிரி விழுங்கினேன். இதை விழுங்க முடியவில்லை.

காரை வில் என்று எல்லோரும் சொன்னார்கள். ராசியில்லாத கார் என்றார்கள், தோஷம் போகக் கழிப்புக் கழி என்றார்கள். யார் வேலைக்குப் போவது, யார் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கொண்டுபோவது? நான் ஓட்டினேன். நான் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பக்கத்து வெறும் சீட்டுக்கு முன்னால் அந்தப் பெடல் தானாகத் தாழ்ந்தது. கம்பிதான் காரணம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் என்ன? ஒருமுறை ஓர் அன்ரியை ஏற்றிப் போனேன். சந்தியில் நான் நிறுத்த, அவ இரண்டு காலையும் சீட்டில் தூக்கி வைத்துக்கொண்டு, "ஐயோ பிள்ளை, இது தன்ர பாட்டில போகுதடி!" என்று கத்தினா. அதற்குப் பிறகு அவ பஸ்ஸில்தான் போனா.

என்னுடைய பயம் வேறு. வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, இரண்டு காலையும் மடக்கி வைத்துக்கொண்டு, அந்தப் பெடலையே பார்த்துக்கொண்டு இருப்பேன். நான் தொடாமல் ஒருமுறை அசையட்டும் என்று. அசைந்தால் செத்துப்போவேன் என்றும் இருக்கும். குசினி ஜன்னலில் மகள் நின்று என்னைப் பார்ப்பாள். அது ஒருநாளும் அசையவில்லை.

பிறகு அது என்னைக் கொல்லப் பார்த்தது. கடையில் வாங்கிய சாமான்களை அவர் சீட்டில் வைத்திருந்தேன். பை சரிந்து, ஒரு மீன் ரின் உருண்டு போய் அவர் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடக்கிற இடம். மிதிக்கிறேன், பெடல் இறங்கவில்லை. அடியில் யாரோ காலைக் கொடுத்துத் தாங்குவது போல நின்றது. கைப்பிரேக்கை இழுத்து, காரை நடைபாதையில் ஏற்றி நிறுத்தினேன். கடக்கக் காத்து நின்ற பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. "அண்டைக்குக் காலை எடுங்கோ எண்டா எடுக்கேல்லை. இண்டைக்கும் எடுக்க மாட்டியளோ? பிள்ளையளை அடிச்சிருந்தா?" என்று வெறும் சீட்டைப் பார்த்துக் கத்தினேன். பின் சீட்டில் மகள் மூச்சுக் காட்டாமல் இருந்தாள்.

அடுத்த நாளே கராஜில் கொடுத்துக் கழற்றினேன். அந்தப் பெடலை ஒரு கடதாசியில் சுற்றித் தந்தார்கள். ரப்பர் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தது. அவர் சப்பாத்தின் ஓரம் படுகிற இடம். குசினி லாச்சியை இழுத்து, அகப்பைகளுக்குக் கீழே வைத்தேன்.

எழுபதுகள் முடிகிற சமயம், பேப்பரில் கார்ப் பக்கத்தில் ஒரு செய்தி. ஜெர்மனிக்காரர் ஒரு பிரேக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். சில்லு பூட்டப் போனால் அதுவே விட்டு விட்டுப் பிடிக்குமாம். மனிதர் அமத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் போதுமாம். லாச்சியைத் திறந்து, "பாருங்கோ, உங்கட சட்டம் பேப்பரில வந்திட்டுது" என்றேன். பிறகு யோசித்தேன். அமத்துகிறது என் சட்டம், விடுகிறது அவர் சட்டம். இரண்டையும் ஒரே பெடலில் வைத்துவிட்டார்கள். எங்களுக்கு அது முன்னமே இருந்தது.

அந்தப் பிரேக் என் கால் வரை வந்து சேர வெகு காலம் ஆனது. மகள் படித்து, வேலை பார்த்து, புதுக் கார் வாங்கியபோது அதில் இருந்தது. ஒரு குளிர்காலம் அவளேதான் கேட்டாள், டொன்னா புவாங்குக்குப் போவோமா என்று. அன்றைக்குப் பிறகு நாங்கள் அந்த மலைக்குப் போனதில்லை. அந்த நாளைப் பற்றி அவளோடு நான் பேசியதுமில்லை. அவள்தான் உறங்கிவிட்டாளே! போனோம். இறங்கும்போது, "நான் ஓட்டுறன்" என்றேன். மறுக்காமல் கார்த் திறப்பைத் தந்தாள்.

மேலே புதுப் பனியில் சும்மா ஒருமுறை பிரேக்கைப் பிடித்துப் பார்த்தேன். பெடல் கடகடவென்று நடுங்கியது. கார் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. பொலபொலத்த பனியில் அவர் விட்டு விட்டு மிதித்தபோது போனது போலவே.

"பார், உன்ர கம்ப்யூட்டருக்கு ஸ்னோ தெரியாது" என்றேன்.

"அம்மா, டோன்ட் பம்ப். அமத்திப் பிடியுங்கோ. கார் பாத்துக்கொள்ளும்."

"அமத்திப் பிடிக்க எனக்கு நீ சொல்லித் தரப்போறியோ?"

கீழே கறுப்பு ஐஸ். அதே மரங்கள். அங்கே அந்தப் பிரேக் நல்ல பிரேக்தான், பொய் சொல்லக் கூடாது. அமத்தினேன், கால் அடியில் நடுங்கியது, ஸ்டியரிங் சொல்லுக் கேட்டது. ஆனால் அந்த நடுக்கம் குளிரில் பல் அடிப்பது போலக் கிடுகிடுவென்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் வேறொன்றை எதிர்பார்த்துத்தான் அந்த மலைக்கு வந்தேன். வளைவுக்கு வளைவு எனக்கு மனது விட்டுப்போனது. இது மெஷின். இது அவர் இல்லை.

பாலத்துக்கு மேல் உள்ள வளைவில், கண்ணின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. மகளின் கால். பெடல் எதுவும் இல்லாத வெறும் தரையில் அது மிதித்தது, கொஞ்சம் வைத்திருந்தது, விட்டது. மிதித்தது, வைத்திருந்தது, விட்டது. அவசரமே இல்லாமல். என்னிடமிருந்து அவள் அதைப் பழகியிருக்க முடியாது. நான் வாழ்நாளில் அப்படி மிதித்ததில்லை.

"ஆரடி உனக்கு இதைக் காட்டித் தந்தது?"

"எதை?" என்றாள். என் பார்வை போன இடத்தைப் பார்த்தாள். கால் நின்றது. பாலத்தைக் கடந்தோம். பிறகு எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள் தமிழில் சொன்னாள்:

"அம்மா, அண்டைக்கு நான் நித்திரை கொள்ளேல்லை."

நான் தெருவைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

"அப்பா கேட்டவர், நீங்கள் ஓம் எண்டனீங்கள். அதுக்குப் பிறகு அப்பா திரும்பி என்னைப் பாத்தவர். நான் முழிச்சிருக்கிறன் எண்டு கண்டிட்டு, சத்தம் போடாதே எண்டு வாயில விரல் வச்சவர். பிறகு முன்னுக்குத் திரும்பியிட்டார். நான் சீட்டுக்கு நடுவால அவற்ர முழங்காலைத்தான் பாத்துக்கொண்டு இருந்தனான். அது எழும்பி எழும்பி இருந்தது. வீடுகள் வாற மட்டும்."

பெடலை நானே மிதித்திருந்தாலும் கம்பியின் இழுவையில் அவர் முழங்கால் எழும்பித்தான் இருக்கும் என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். நீங்கள் அந்தக் காரில் இருக்கவில்லை. இருந்தது நாங்கள் மூன்று பேர்.

"ஏனடி இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"சத்தம் போடாதே எண்டு சொன்னவரெல்லே."

ஓரமாக இடம் கண்டு காரை நிறுத்தினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். கியரில் போட்டுவிட்டேன், கைப்பிரேக்கை இழுக்கவில்லை.